சிவப்பு ஆயில் சொட்டும் பிக்கப்: கியர்பாக்ஸ் கூலர் பைப்பை எதைப் பார்த்து மாற்றுவது?

ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பிக்கப்பை நிறுத்திய இடத்தில், முன்பம்பருக்குச் சற்றுப் பின்னால், நாலைந்து சொட்டு சிவப்பாகக் கிடக்கிறது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு "கூலர் பைப் போயிருச்சு" என்கிறார். அதற்குப் பிறகுதான் குழப்பம். ஒரு கடையில் கம்பெனி பைப் வரவழைக்க வேண்டும், பொறுங்கள் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஏசி காப்பர் பைப்பே போதும் என்கிறார்கள். ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் "ஜேசிபிக்கே இதுதான் போடுறோம், இது தாங்காதா?" என்று கேட்கிறார்கள். டீசல் ஹோஸை வெட்டி மாட்டி, ரெண்டு கிளிப் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு.

நான்கு வழியிலும் ஒழுகல் அன்றைக்கு நின்றுவிடும். கோடை முழுக்க ஓடி, ஒருமுறை கொடைக்கானல் மலையும் ஏறி இறங்கிய பிறகு எது நிற்கும் என்பதுதான் கேள்வி. பலரும் 'எவ்வளவு பிரஷர் தாங்கும்' என்று கேட்டே பைப் வாங்குகிறார்கள். இந்தப் பைப்பில் பிரஷர் பெரிய விஷயமே இல்லை. சூடு, உள்விட்டம், முனை இந்த மூன்றும்தான் பைப்பைக் காப்பதும் கெடுப்பதும்.

உங்கள் வண்டியில் இந்தப் பைப் இருக்கிறதா?

மதுரைச் சந்தைகளுக்குச் சரக்கு ஏற்றும் பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா போன்ற வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவை. அவற்றில் கியர்பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் தொடர்பு கிடையாது. கூலர் பைப்பும் கிடையாது. கிளட்ச் மிதி இல்லாமல் வரும் ஏஎம்டி வண்டிகளும் அப்படித்தான். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள நிஜமான ஆட்டோமேட்டிக், அதாவது ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக், இசுசு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக் போன்றவைதான் இங்கே பேசுபொருள்.

சிவப்பு ஆயில் தெரிந்தாலே கூலர் பைப் என்று முடிவு கட்டவும் கூடாது. பவர் ஸ்டீயரிங்குக்கும் பல வண்டிகளில் இதே சிவப்பு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். அடியை டீசல் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஒரு அட்டையை விரித்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் சொட்டினால் அது ஸ்டீயரிங் ஹோஸ்.

இன்னொரு வகையும் உண்டு. சில வண்டிகளில் ஆயில் ரேடியேட்டருக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் மீதே ஒரு சிறு கூலரைப் பொருத்தி, ரேடியேட்டர் தண்ணீரை அங்கே கொண்டுபோகிறார்கள். அந்த ஹோஸில் ஓடுவது கூலன்ட். எந்த ஹோஸில் எது ஓடுகிறது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். ரப்பர் வகையே மாறிப்போகும். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

பைப்புக்குள் நடப்பது

கிளட்ச் தட்டுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டரில் ஆயில்தான் இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது. ஒரு பக்க விசிறி ஆயிலைத் தள்ளும், மறுபக்க விசிறி அதில் சுழலும். இரண்டு விசிறியின் வேகத்துக்கும் இடையில் வித்தியாசம் கூடக்கூட ஆயில் சூடாகும். நேரான நான்குவழிச் சாலையில் இரண்டும் லாக் ஆகிவிடும், சூடு குறைவு. வத்தலக்குண்டு தாண்டி, சுமையோடு, வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏறும்போது லாக் ஆவதே அரிது. சூடு மளமளவென்று ஏறுவது அங்கேதான்.

இந்தச் சூட்டை இறக்க, கியர்பாக்ஸிலிருந்து ஒரு பைப் சூடான ஆயிலை ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் இருக்கும் கூலருக்குக் கொண்டுபோகிறது. இன்னொரு பைப் ஆறிய ஆயிலைத் திருப்பிக் கொண்டுவருகிறது. சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு காற்றுக் கூலரும் இருக்கும்.

வழக்கமான ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும். மலையேற்றத்தில் 110, 120 என்று போகும். சூடு ஏறுமிடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. பிரஷர் என்று பார்த்தால், கியர்களை இயக்கும் உள் பிரஷர் அதிகம். கூலர் பைப்புக்கு வருவது அதில் மிஞ்சியதுதான். சூடான ஆயிலில் சாதாரணமாக 1 முதல் 3 பார், அதாவது கார் டயர் காற்றளவு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது இது கூடும்.

ஒழுகலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3,600 சொட்டு, அதாவது 180 மில்லி. மதுரையிலிருந்து சென்னைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போயிருக்கும். நின்ற இடத்தில் நாலு சொட்டுதானே என்று நினைப்பது தவறு. ஓடும்போதுதான் பிரஷர் இருக்கிறது. அந்தச் சொட்டெல்லாம் ரோட்டில் போய்விடும். ஆயில் அந்த அளவு குறைந்தால் ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர்பாக்ஸுக்குள் கியர் மாற்றும் சிறு கிளட்ச் தட்டுகள் வழுக்கும், கருகும். சில ஆயிரம் ரூபாய் பைப்பில் முடிய வேண்டியது கியர்பாக்ஸ் இறக்குவதில் போய் முடியும்.

இந்த வட்டாரத்தில் பைப் ஏன் போகிறது

பனி நாடுகளில் சாலையில் உப்பு போடுவதால் பைப் துருப்பிடிக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே அரிப்பு வேறு விதம்.

மேலூர்ப் பக்கம் குவாரி வழியில் ஓடும் வண்டியில் கல்தூள் ஆயிலோடு சேர்ந்து பைப்பைச் சுற்றி களிம்பாகப் படியும். பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் ஒரு சிறு ரப்பர் உண்டு. அது இற்றுப்போனதும் இரும்போடு இரும்பு உரச, இடையில் இருக்கும் கல்தூள் உப்புத்தாள் போல அறுக்கும். கிளாம்பைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்: பைப்பில் பிறைநிலா வடிவில் பளபளவென்று ஒரு தேய்மானம் தெரியும். விரல்நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டி நின்றால் பைப்பை மாற்றத்தான் வேண்டும். இந்தப் பைப்பின் சுவர் கனமே 0.7 முதல் 1 மில்லிமீட்டர்தான்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஓடிய வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால் கிளாம்புகளின் அடியை முதலில் பாருங்கள். உப்பு மணல் அங்கேதான் ஒட்டி நின்று துருவேற்றும். ரப்பர் ஹோஸ் பகுதியில் சூடுதான் எதிரி: விரலால் மடக்கினால் மேல்தோலில் வெடிப்பு விரியும். நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடிப்பதும் சாதாரணம்.

பைப் வாங்கப் போகுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜின் நன்கு ஆறிய பிறகு மட்டும், பாருங்கள். கூலன்ட் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, கியர் ஆயில் ரோஸ்மில்க் போல நுரைத்து வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரே உடைந்திருக்கிறது. பைப் மாற்றி பயனில்லை. கூலன்ட் கலந்த ஆயில் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாளைப் பிரித்துவிடும். வண்டியை ஓட்டாமல், கட்டியும் இழுக்காமல், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

எந்தப் பைப்?

1. கம்பெனி பைப். வளைவு, கிளாம்பு இடம், முனை எல்லாம் தயாராக வரும். கிடைக்கிறதென்றால் ஒரு வாரம் காத்திருந்தாலும் இதுதான் முதல் தேர்வு. வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் முனை மாறியிருக்கும்.

2. மேற்பூச்சு உள்ள ஸ்டீல் பைப். பிரேக் பைப் வகையைச் சேர்ந்தது, ஆனால் பெரிய விட்டம். விலை குறைவு, அதிர்வு தாங்கும். வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடும் என்பதால் அங்கே பெயின்ட் அடிக்க வேண்டும். மதுரை, திண்டுக்கல், தேனி ஓட்டத்துக்கு இது தாராளம்.

3. செம்பு நிக்கல் கலவை பைப். ஏறக்குறைய 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், முனை விரிப்பது எளிது. கடலோரம் ஓடும் வண்டிக்கு விலை கூடினாலும் இதையே போடலாம்.

4. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நீடிக்கும். ஆனால் கடினமானது, சாதாரண ஃபிளேரிங் கருவியில் முனை விரித்தால் வெடிக்கும், சரியாக உட்காராமல் கசியும். தகுந்த கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பாக இருந்தால் மட்டும்.

5. ஏசி காப்பர் பைப். வேண்டாம். சுத்தச் செம்பு அதிர அதிர இறுகும். இறுகிய செம்பு முனைக்குப் பக்கத்தில் மெல்லிய கோடாக விரியும். வீட்டு ஏசியில் பைப் சுவரோடு அசையாமல் நிற்கிறது. வண்டியில் ரேடியேட்டர் ஒரு திசையில் ஆட, கியர்பாக்ஸ் வேறு திசையில் ஆடும். செம்பு நிக்கலும் பார்க்க இதே நிறம்தான் என்பதால் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய பைப்பில் ஓட்டை விழுந்த இடத்தில் கேஸ் வெல்டிங் வைப்பதும் கூடாது. வெல்டிங் சூட்டில் பைப்பின் உள்பக்கம் கரித்துகளாகப் படியும். அது உதிர்ந்து ஆயிலோடு போய், கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் நுண்ணிய துவாரத்தில் அடைக்கும்.

ஹோஸில்தான் அதிகம் ஏமாறுகிறோம்

கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் தனித்தனியாக ஆடுவதால் இடையில் ரப்பர் ஹோஸ் வேண்டும். ஹோஸ் எல்லாம் கறுப்பு, ஹோஸ் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் உள் ரப்பரில் இருக்கிறது.

ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் இபிடிஎம் ரப்பர். தண்ணீர், கூலன்ட், ஆவி எதையும் தாங்கும். எண்ணெய் பட்டால் மட்டும் ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். கியர் ஆயிலுக்கு அதைப் போட்டால் சில நாளிலேயே கிளிப்பிலிருந்து நழுவும். கூலன்ட் ஓடும் இடத்தில் எண்ணெய் ஹோஸைப் போடுவதும் அதே போலத் தவறு.

டீசல் ஹோஸ் எண்ணெய் தாங்கும். ஆனால் டீசல் இவ்வளவு சூடாக ஓடுவதில்லை. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்டால் காய்ந்து மரக்கட்டை போல இறுகும். பிறகு கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

ஹைட்ராலிக் ஹோஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்வெல் வண்டி, ஜேசிபி, குவாரி இயந்திரம் எல்லாம் ஓடும் ஊரில் இதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. ஒற்றைக் கம்பிப் பின்னல் உள்ள மூன்றே எட்டு (3/8) இஞ்ச் ஹோஸின் மேல் 180 பார் என்று அடித்திருக்கும். நமக்கு வேண்டியதைப் போல அறுபது மடங்கு. அதில் பயன் ஒன்றுமில்லை. அதே வரியில் தேட வேண்டியது வெப்ப அளவு. இவ்வகைச் சாதாரண ஹோஸுக்கு அது 100 டிகிரி. மலையேற்றத்தில் நம் ஆயில் அதைத் தாண்டும். வளைவும் பார்க்க வேண்டும்: இந்த ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. ரேடியேட்டருக்கும் சேசிஸுக்கும் இடையில் அவ்வளவு இடம் இருக்காது. வலுக்கட்டாயமாக மடக்கினால் அந்த இழுப்பு முழுவதும் ரேடியேட்டர் முனையில் விழும்.

கேட்டு வாங்க வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ். எஸ்ஏஈ ஜே1532 என்ற தரக்குறி இதற்கென்றே உள்ளது. அந்தக் குறி உள்ளது கிடைக்காவிட்டால், எண்ணெய்க்கானது என்றும் 125 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றும் ஹோஸ் மீதே அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். அச்சு இல்லாத ஹோஸைக் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள்.

உள்விட்டம்: ஒரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு

பைப்பை வெளிவிட்டத்தில் விற்கிறார்கள். ஆயில் ஓடுவது உள்விட்டத்தில். 10 மில்லிமீட்டர் பைப்புக்குச் சுவர் 1 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 8. அதற்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பைப்பை அதே கனத்தில் போட்டால் உள்ளே 6. கெட்டியான எண்ணெய் சீராக ஓடும்போது தடை உள்விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 8 என்பது 6 ஆனால் தடை மூன்று மடங்குக்கு மேல். ஆயில் மெதுவாகப் போகும், கூலர் இருந்தும் சூடு இறங்காது. பைப்பை மடக்கும்போது நசுங்கினாலும் இதே கதைதான். அதனால் பைப்பின் நடுக்கோட்டு வளைவு ஆரம் வெளிவிட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், பெண்டர் கருவியில் வளைக்கட்டும்.

இஞ்ச் அளவும் மில்லிமீட்டர் அளவும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஐந்தே பதினாறு (5/16) இஞ்ச் என்பது 7.94 மில்லிமீட்டர்; 8 மில்லிமீட்டரோடு வித்தியாசம் 0.06. ஹோஸ் மாட்ட இது பொருட்டில்லை. மூன்றே எட்டு இஞ்ச் பைப் 9.5 மில்லிமீட்டர்; 10 மில்லிமீட்டர் பைப்புக்கான முனையில் அதைப் போட்டால் கசியும். வெர்னியர் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

முனை

ஒழுகல் திரும்ப வருவது பெரும்பாலும் இங்கேதான். நட் வைத்த முனைகளில் 45 டிகிரி டபுள் ஃபிளேர் உண்டு, குமிழ் போல உருண்ட ஃபிளேர் உண்டு, ஹைட்ராலிக் கடைகளில் 37 டிகிரி முனையும் உண்டு. கோணம் மாறிய முனையை மறையில் ஏற்றி முறுக்கினால் உட்கார்ந்தது போலவே இருக்கும். உண்மையில் ஒரே கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி ஆறியதும் கசியும். பழைய முனையை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுவதே வழி.

அழுத்தினால் 'கிளிக்' என்று மாட்டும் வகையென்றால் உள்ளே இருக்கும் ஓ ரிங்கையும் கம்பிக் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். மாட்டியபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். நடுவில் துளையிட்ட போல்ட் வழியே ஆயில் போகும் வகையென்றால் இரு பக்க வாஷரும் புதிது.

பைப்பில் ஹோஸை மாட்டும் இடத்தில், பைப் முனையில் ஒரு வளையப் புடைப்பு இருக்க வேண்டும். வழுவழுவென்று வெட்டிய பைப்பில் ஹோஸை ஏற்றிக் கிளிப் போடுவது ஆபத்து. குளிர்ந்த ஆயிலின் பிரஷரில் ஒருநாள் கழன்றால் சில நிமிடத்தில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். ஹோஸ் பைப்பின்மேல் 25 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும், கிளிப் புடைப்புக்குப் பின்னால் வர வேண்டும்.

மாற்றும் வரிசை

1. இன்ஜின் ஆறட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து வண்டியை நிறுத்துங்கள். முனைகளைச் சுற்றியுள்ள மண்ணை, கழற்றுவதற்கு முன்பே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

2. எது போகும் பைப், எது வரும் பைப் என்று இரண்டிலும் பெயின்ட் குறி வையுங்கள்.

3. ரேடியேட்டர் முனையைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ரேடியேட்டரோடு இருக்கும் அறுகோணத்தை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருகினால் உள்ளே இருக்கும் கூலரே முறுகி, புதுப் பைப் போட்ட வண்டியில் ஆயிலும் கூலன்டும் கலந்துவிடும். இதைச் செய்யாத ஒர்க்‌ஷாப்பில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

4. வழியும் ஆயிலை அளவு போட்ட டப்பாவில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்பது பின்னால் ஆயில் ஊற்றும்போது வேண்டும். திறந்த முனைகளை உடனே மூடுங்கள். குவாரித் தூசி ஒரு சிட்டிகை போதும்.

5. பழைய பைப்பை முழுசாக எடுத்து, அதன் மேல் கட்டுக்கம்பியை வளைத்து அச்சு எடுங்கள். புதுப் பைப்பை டியூப் கட்டரால் வெட்டுங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அரத்தூள் உள்ளே தங்கும். உள்விளிம்புப் பிசிறை வழித்து, காற்றடித்து, முனை விரிக்குமுன் நட்டைப் போட மறக்காமல் ஃபிளேர் செய்யுங்கள்.

6. நட்டைக் கையால் மூன்று, நாலு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். ரப்பர் வைத்த கிளாம்புகளை எல்லா இடத்திலும் திரும்பப் போடுங்கள். சைலன்சர் பைப்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

ஆயில் அளவு பார்ப்பது

புது வண்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில், அடியில் உள்ள பிளக்கைத் திறந்தால் ஆயில் மெல்லிய நூலாக வழிய வேண்டும். அந்தச் சூடு எத்தனை டிகிரி என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஸ்கேனரை மாட்டித்தான் பார்க்க முடியும். மே மாதத்து மதுரையில் வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் செய்யும்போதே அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கலாம். சூடான ஆயில் விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி விட்டால் உள்ளே குறைவாகவே இருக்கும். இந்த வேலையைக் காலை ஆறு, ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவது மேனுவலில் சொன்ன வகைதான். ஹைலக்ஸுக்கு டொயோட்டா ஏடிஎஃப் டபிள்யூஎஸ். சிவப்பாக இருக்கிறதே என்று ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் பழைய டெக்ஸ்ரான் வகையைக் கலக்காதீர்கள். இரண்டின் கெட்டித்தன்மையும் உராய்வுக் குணமும் வேறு.

கூலர் அடைத்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், திரும்பி வரும் பைப்பைக் கழற்றி டப்பாவில் விட்டு, ஆயில் சூடான பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டு நேரம் பாருங்கள். 15 விநாடியில் அரை லிட்டராவது வர வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப்புகளில் உள்ள பொதுவான அளவுகோல். அரை லிட்டர் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள், அவ்வளவையும் உடனே ஊற்றுங்கள். குளிர்ந்த ஆயிலில் இந்தச் சோதனை தவறான பதில் தரும்: சில வண்டிகளில் ஆயில் சூடாகும்வரை கூலருக்கு அனுப்பாமல் தடுக்கும் வால்வு உண்டு.

வேலை முடிந்ததும் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முனைகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு படக் கூடாது. 500 கிலோமீட்டரில் ஒருமுறை ஹோஸ் கிளிப்புகளைச் சோதித்து, தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அதன் பிறகுதான் சுமை ஏற்றி மலைக்குப் போகலாம்.